எம்.பி.ஏ. வகுப்பில் அடித்துவிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.பி.ஏ. படிப்பவர்களும், அவர்களுக்குப் பாடம் எடுப்பவர்களும், அவர்களை நேர்காணல் செய்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நடுவில் பத்துக் கேள்விகளில் ஒரு சுயசோதனை இருக்கிறது, விடைகள் கடைசியில். விடையை முதலில் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு அந்தச் சோதனை உதவாது.

அடித்துவிடுவதும் பொய்த் தன்னம்பிக்கையும் ஒன்றுதானே?

இல்லை. தெரியாது என்று தெரிந்தே தெரிந்தமாதிரிப் பேசுவது அடித்துவிடுவது. பீலா, உதார், ரீல் எல்லாம் அதன் செல்லப்பெயர்கள். தனக்குத் தெரியாது என்பதே தெரியாமல் உறுதியாகப் பேசுவது பொய்த் தன்னம்பிக்கை. கேட்பவர் காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மருந்துதான் வேறு. பீலா விடுபவரை ஒரு நல்ல கேள்வி நிறுத்திவிடும். மற்றவரைக் கேள்வி நிறுத்தாது, ஏனென்றால் அவர் பொய்யே சொல்லவில்லை. அவருக்குத் தேவை, தன் கணிப்பு எத்தனை முறை தவறுகிறது என்று எண்ணிப் பார்க்கும் ஓர் அளவுகோல்.

முதல் நோய் முற்றினால் இரண்டாவதாக மாறும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். முதல் செமஸ்டரில் பயத்தில் விட்ட பீலாவுக்கு வகுப்பில் தலையாட்டல் கிடைக்கிறது. அடுத்த செமஸ்டரில் பேசியவரே அதை நம்பத் தொடங்கிவிடுகிறார்.

மற்றப் படிப்புகளைவிட மேலாண்மைப் படிப்பில் இது ஏன் அதிகம் தெரிகிறது?

பேச்சுக்கு மதிப்பெண் இருப்பதால். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் ஒரு பிரிவில் ஏறத்தாழ 90 பேர். ஒரு வகுப்பு 80 நிமிடம். பல பாடங்களில் மதிப்பெண்ணில் பாதிவரை வகுப்பில் பேசுவதற்கே போகிறது. 1961-இல் ஹார்வர்டின் ஒத்துழைப்போடு தொடங்கிய அகமதாபாத் ஐ.ஐ.எம். அங்கே நடக்கும் கேஸ் முறையை, அதாவது ஒரு நிறுவனத்தின் சிக்கலைச் சொல்லும் 'கேஸை'ப் படித்து வந்து வகுப்பில் விவாதிக்கும் முறையை, இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 'சி.பி.', அதாவது வகுப்புப் பங்கேற்பு, இங்கேயும் மாணவர்களின் அன்றாடக் கவலை.

கணக்கைப் பாருங்கள். 80 நிமிடத்தில் பேராசிரியர் பேசுவதும் பலகையில் எழுதுவதும் 30 நிமிடம் என்று வையுங்கள். மிச்சம் 50. ஆளுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் 33 பேர் பேசலாம். 90 பேரில் 57 பேருக்கு அன்று வாய்ப்பே இல்லை. ஆகவே 'சரியாகச் சொல்ல ஏதாவது இருக்கிறதா' என்ற கேள்வி பின்னுக்குப் போய், 'கை தூக்கும் நேரம் தவறிவிடுமா' என்ற பயம் முன்னுக்கு வருகிறது. மதிப்பெண் ஒப்பீட்டு முறையில் போடப்பட்டால், பக்கத்து இருக்கைக்காரர் பேசுவதே உங்களுக்கு நஷ்டம்போலத் தோன்றும்.

ஐ.ஐ.எம். வளாகங்களில் இதற்கு வழக்குச் சொற்களே உண்டு. மதிப்பெண்ணுக்காகத் தவித்துக்கொண்டு பேசுவது 'டி.சி.பி.' (டெஸ்பரேட் சி.பி.). பொத்தாம்பொதுவாகப் பேசி நேரத்தைக் கடத்துவது 'குளோப்' அடிப்பது. ஒரு பழக்கத்துக்குப் பட்டப்பெயர் வைக்கும் அளவுக்கு எல்லாருக்கும் அது தெரிந்திருக்கிறது என்பதே கவனிக்க வேண்டியது.

உண்மையைச் சொல்லுங்கள், அடித்துவிடுவது பலிக்கிறதா?

பலிக்கிறது. அதனால்தான் இந்தப் பக்கமே தேவைப்படுகிறது.

கேமரன் ஆண்டர்சனும் அவருடைய சகாக்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுதியில் ஒன்று 242 எம்.பி.ஏ. மாணவர்களிடம் நடந்தது. வரலாற்றுப் பெயர்கள், நிகழ்வுகள், நூல்கள் கொண்ட பட்டியலைக் கொடுத்து, எவை தெரியும் என்று குறிக்கச் சொன்னார்கள். ரோபஸ்பியர், லூசிடேனியா போன்ற உண்மைப் பெயர்களுக்கு நடுவே 'குயீன் ஷாடாக்', 'கலிலியோ லொவானோ', 'மர்ஃபிஸ் லாஸ்ட் ரைட்' என்று கற்பனைப் பெயர்களையும் கலந்திருந்தார்கள். இல்லாத ராணியைத் தெரியும் என்று குறித்தவர்கள் தங்கள் அறிவை மிகையாக மதிப்பவர்கள் என்று வகைப்படுத்தப்பட்டார்கள். செமஸ்டர் முடிவில் தத்தம் திட்டக்குழுவில் அதிக மரியாதையும் செல்வாக்கும் பெற்றிருந்தவர்கள் அவர்கள்தான். சக மாணவர்கள் அவர்களைத் தலைக்கனம் பிடித்தவர்களாகக்கூட நினைக்கவில்லை. திறமைசாலிகள் என்றே நினைத்தார்கள்.

காரணம் எளிது. உண்மையான திறமையும் பொய்யான உறுதியும் வெளியே ஒரே உடுப்பில்தான் வருகின்றன: அதிகம் பேசுவது, நிதானமான குரல், பதற்றமில்லாத உடல். குழுவில் உள்ளவர்கள் உடுப்பைத்தான் பார்க்கிறார்கள்.

பிறகு மாட்டிக்கொண்டால் மரியாதை போய்விடுமே?

நாம் நினைக்கும் அளவுக்குப் போவதில்லை. அதே ஆய்வாளர்களில் சிலர் தொடர்ந்து சோதித்தபோது, மிகை நம்பிக்கை அம்பலமான பிறகும் குழுவில் பெரிய சரிவு ஏற்படவில்லை. ஆனால் பின்னால் வந்த ஆராய்ச்சி ஒரு முக்கியமான வித்தியாசத்தைக் காட்டுகிறது. தோரணையில் காட்டிய உறுதியை யாரும் திருப்பிப் பிடிக்க முடியாது. 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்று நழுவலாம். வாயால் 'விற்பனை கட்டாயம் 20 சதவீதம் ஏறும்' என்று சொல்லியிருந்தால், அது பொய்த்த அன்று நம்பகம் அடிவாங்கும்.

வேலைக்குப் போன பின் நிலைமை இன்னும் மாறும். வகுப்பில் சொன்ன எண்ணை யாரும் அடுத்த மாதம் எடுத்துப் பார்ப்பதில்லை. அலுவலகத்தில் அந்த எண் பட்ஜெட்டில் ஏறும். மூன்று மாதம் கழித்து உண்மை எண் அதன் பக்கத்தில் வந்து உட்காரும்.

எனக்கு இந்த நோய் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தாளும் பேனாவும் எடுங்கள். கீழே உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு குறைந்த எண்ணும் ஒரு கூடிய எண்ணும் எழுதுங்கள். சரியான விடை அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் என்று உங்களுக்கு 90 சதவீதம் நிச்சயம் வேண்டும். தேடிப் பார்க்கக்கூடாது. தெரியாத விஷயம் என்றால் இடைவெளியை அகலமாக வையுங்கள்; அதற்குத் தடையில்லை.

1. சூயஸ் கால்வாய் திறந்த ஆண்டு
2. பம்பாய் பங்குச்சந்தை தொடங்கிய ஆண்டு
3. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை
4. நிலாவின் விட்டம், கிலோமீட்டரில்
5. கோகோ கோலா முதன்முதலில் விற்பனைக்கு வந்த ஆண்டு
6. இலங்கையின் பரப்பளவு, சதுர கிலோமீட்டரில்
7. பழைய பாம்பன் ரயில் பாலம் திறந்த ஆண்டு
8. ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பு நாடுகள் எத்தனை
9. ஈஃபில் கோபுரத்தின் இன்றைய உயரம், மீட்டரில்
10. பனாமா கால்வாயின் நீளம், கிலோமீட்டரில்

தன் நிச்சயத்தைச் சரியாக எடைபோடுபவருக்குப் பத்தில் ஒன்பது அகப்பட வேண்டும். பெரும்பாலோருக்கு அதைவிட நிறையவே குறையும். இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1960-களின் கடைசியில் மார்க் ஆல்பர்ட், ஹோவர்ட் ரைஃபா இருவரும் ஹார்வர்டு எம்.பி.ஏ. மாணவர்களிடம் இதைவிடக் கடுமையாக, 98 சதவீத நிச்சயத்தோடு இடைவெளி தரச் சொன்னார்கள். விடை வெளியே விழுவது நூற்றுக்கு இரண்டாக இருந்திருக்க வேண்டும். நாற்பதைத் தாண்டியது. தவறுகளைக் காட்டி மறுபடி எழுதச் சொன்னதும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. இரண்டுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. பயிற்சியால் சரியாகும், முழுக்கச் சரியாகாது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதைப் பழக்கமாக்க ஒரு குறிப்பேடு போதும். வாரத்துக்கு ஐந்து கணிப்பு: தேர்வு மதிப்பெண், அறிக்கை முடிக்க ஆகும் மணிநேரம், ஒரு கம்பெனியின் காலாண்டு விற்பனை. இடைவெளியும் தேதியும் எழுதுங்கள். முடிவு வந்ததும் உள்ளே, வெளியே என்று குறியுங்கள். இருபது சேர்ந்த பிறகு எண்ணிப் பாருங்கள். அதற்கு முன் எண்ணுவது வீண். ஐந்தில் ஐந்து யாருக்கும் தற்செயலாக வரும்.

கேஸைப் படிக்கவில்லை. திடீரென்று என் பெயரைக் கூப்பிட்டுவிட்டால்?

வகுப்புக்கு முன்பே தெரிந்தால், பேராசிரியரிடம் போய் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பலர் அன்று உங்களை விட்டுவிடுவார்கள். மாதத்துக்கு மூன்று முறை போனால் விடமாட்டார்கள்.

அரைமணி நேரமாவது கிடைத்தால் இப்படிச் செலவிடுங்கள். முதல் பக்கமும் எக்ஸிபிட்டுகளுக்கு (கேஸின் பின்னால் இணைத்திருக்கும் எண் அட்டவணைகளுக்கு) முந்தைய கடைசிப் பக்கமும்: 5 நிமிடம். யார், எதை, எந்தத் தேதிக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான் இருக்கும். பின்னால் உள்ள அட்டவணைகள்: 12 நிமிடம். அதிலிருந்து ஒரே ஒரு எண்ணையாவது நீங்களே கணக்கிடுங்கள். நிலைச்செலவு 60 லட்சம், விலை 400 ரூபாய், ஒரு பொருளுக்கான மாறும் செலவு 250 ரூபாய் என்றால், ஒவ்வொன்றிலும் மிஞ்சுவது 150. லாப நட்டமில்லாப் புள்ளி 40,000 பொருட்கள். மிச்ச நேரத்தில் துணைத்தலைப்புகளை ஓட்டிவிட்டு, உங்கள் முடிவையும் அதற்கான ஒரே காரணத்தையும் எழுதிவையுங்கள். நேரமில்லாதவர்கள் வழக்கமாக இதைத் தலைகீழாகச் செய்வார்கள்: கதைப்பகுதியை ஆறு பக்கம் ரசித்துப் படித்துவிட்டு அட்டவணையைத் தொடாமல் வருவார்கள். வகுப்பில் பீலா பிறக்கும் இடம் அதுதான்.

எதுவுமே படிக்காமல் மாட்டினால்: 'எக்ஸிபிட் 3-ஐ நான் கணக்கிடவில்லை. இதற்கு முன் பேசியவர் சொன்ன 40,000 சரியென்றால், போன ஆண்டு விற்பனை அதைத் தாண்டியதா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.' இதில் பொய் இல்லை. உரையாடலும் ஓர் அடி நகர்கிறது. இருபது வினாடிக்குமேல் போகாதீர்கள். மூன்றாவது வாக்கியத்தில் 'சினெர்ஜி' மாதிரி ஒரு பகட்டுச் சொல் வந்தால் காரியம் கெட்டது என்று அர்த்தம்.

குத்துமதிப்பு கேட்பதே அடித்துவிடச் சொல்வதுதானே?

நேர்காணலில் 'மதுரையில் ஒரு நாளைக்கு எத்தனை டீ விற்கிறது' என்று கேட்பார்கள். யாருக்கும் விடை தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது. அவர் பார்ப்பது நீங்கள் எங்கே ஊகிக்கிறீர்கள் என்பதை மறைக்கிறீர்களா, காட்டுகிறீர்களா என்பதை.

காட்டுவது இப்படி. மக்கள்தொகை 15 லட்சம் என்று எடுத்துக்கொள்கிறேன். வெளியே டீ குடிக்கும் வயதினர் 60 சதவீதம், 9 லட்சம். அவர்களில் 40 சதவீதம் பேர் அன்றாடம் கடையில் குடிக்கிறார்கள், ஆளுக்கு இரண்டு. ஆக 7.2 லட்சம். இதில் எனக்கு நிச்சயமில்லாதவை இரண்டு: அந்த 40 சதவீதமும் அந்த இரண்டும். 30 சதவீதமும் ஒன்றரை டீயும் என்றால் 4 லட்சம். 50 சதவீதமும் மூன்று டீயும் என்றால் 13.5 லட்சம். பிறகு மறுபக்கத்திலிருந்து சரிபார்க்கிறேன்: ஒரு கடை 400 டீ ஆற்றினால் 7.2 லட்சத்துக்கு 1,800 கடை வேண்டும், அதாவது ஏறக்குறைய 830 பேருக்கு ஒரு கடை. தெருவில் நடந்தவர்களுக்கு இது நம்பும்படி இருக்கிறதா என்று கேளுங்கள்.

இதே கணக்கைப் போட்டு 'ஏழு லட்சத்து இருபதாயிரம்' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பீலா. எண் அதேதான், நிச்சயம்தான் பொய்.

அடுத்தவர் அடித்துவிடுகிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். பதறுபவர் உண்மை சொல்லிக்கொண்டிருப்பார். நிதானமானவர் இல்லாத ராணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். உள்ளடக்கத்தைக் கேளுங்கள்.

சதவீதம் சொன்னால், எதில் அத்தனை சதவீதம் என்று கேளுங்கள். 10 கடை 15 ஆனாலும் 50 சதவீத வளர்ச்சிதான். எண் சொன்னால், எந்த எக்ஸிபிட்டில் என்று கேளுங்கள். போர்ட்டரின் ஐந்து விசைகள் (ஒரு தொழிலில் போட்டியை அளக்கும் கட்டம்), ஸ்வாட் (பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல்) என்று கட்டங்களின் பெயரைச் சொன்னால், இந்தக் கம்பெனிக்கு அதில் எந்த ஒன்று முடிவை மாற்றுகிறது என்று கேளுங்கள். ஐந்தும் முக்கியம் என்று பதில் வந்தால் ஒன்றும் யோசிக்கவில்லை என்று அர்த்தம். 'சந்தையில் ஒரு சதவீதம் பிடித்தாலே போதும்' என்றால், முதல் நூறு வாடிக்கையாளர் யார், அவர்களை அடைய ஆளுக்கு எவ்வளவு செலவு என்று கேளுங்கள். எல்லாவற்றையும்விட நல்ல கேள்வி: 'எது நடந்தால் இந்த முடிவை மாற்றிக்கொள்வீர்கள்?' விஷயம் தெரிந்தவரிடம் இதற்குப் பதில் தயாராக இருக்கும்.

ஒரே ஆளிடம் ஒரே மூச்சில் இத்தனையும் கேட்டால் அது விசாரணை. ஒன்று போதும். குரலையும் உயர்த்த வேண்டாம்.

எங்கள் குழுவில் சத்தமாகப் பேசுபவர் சொல்வதே முடிவாகிறது. என்ன செய்யலாம்?

பேசுவதற்கு முன் எழுதச் சொல்லுங்கள். ஐந்து பேர் குழுவில் இதற்கு 15 நிமிடம் போதும். முதல் 4 நிமிடம் எவரும் பேசாமல் தத்தம் எண்ணையும் ஒரு காரணத்தையும் தாளில் எழுத வேண்டும். எல்லாத் தாள்களையும் ஒரே நேரத்தில் திருப்பி வைக்க வேண்டும். மிகக் குறைந்த எண்ணும் மிகக் கூடிய எண்ணும் எழுதிய இருவர் மட்டும் ஆளுக்கு 2 நிமிடம் பேச வேண்டும். பிறகு 3 நிமிடம் திறந்த விவாதம். கடைசி 4 நிமிடம் மறுபடி எழுதி, நடு எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இது கெடுவது ஒரே ஒரு வழியில்: யாராவது எழுதும்போதே தன் எண்ணை வாய்விட்டுச் சொல்லிவிடுவார். சொன்ன கணமே மற்றவர்களின் பேனா அந்தப் பக்கம் சாயும். அன்றைய சுற்றை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

பெரிய முடிவு என்றால் உளவியலாளர் கேரி கிளைன் சொன்ன வழி உதவும். 'இந்தத் திட்டம் ஓராண்டில் மண்ணைக் கவ்விவிட்டது, ஏன்?' என்று ஆளாளுக்கு மூன்று காரணம் எழுத வேண்டும். 'இதில் குறை இருக்கிறதா' என்று கேட்டால் வாய்திறக்காதவர்கள் இதற்கு எழுதித்தள்ளுவார்கள். தோல்வி முடிந்துபோன விஷயமாக வந்துவிட்டதால் யாரையும் எதிர்ப்பதாக ஆகாது.

எனக்கு ஆங்கிலம் தயங்கித் தயங்கித்தான் வரும். பீலா விடுபவர்களுக்கு நடுவில் நான் எப்படி நிற்பது?

தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் அடிக்கடி கேட்பது. சரளத்தை அறிவு என்று எடுத்துக்கொள்ளும் பிழை வகுப்பில் நடக்கத்தான் செய்கிறது. அதைச் சரளத்தால் வெல்லப் பார்ப்பது நீண்ட வேலை. எண்ணால் வெல்வது அடுத்த வாரமே முடியும்.

வகுப்பின் முதல் பத்து நிமிடத்தில் பேசுங்கள். அப்போது பேச வேண்டியது கேஸில் இருக்கும் உண்மைகள்தான்; யாருக்கும் மறுமொழி சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் கணக்கிட்ட ஒரு எண், அது எந்த எக்ஸிபிட்டில் இருந்து வந்தது, அதனால் என்ன: மூன்று சின்ன வாக்கியம். முன்கூட்டியே எழுதி, வாய்விட்டு இருமுறை சொல்லிப் பாருங்கள். நாற்பதாவது நிமிடத்துக்குக் காத்திருந்தால் விவாதம் கருத்துகளுக்குப் போய்விடும். அங்கே சரளம்தான் ராஜா.

பயோடேட்டாவில் 'செலவை 30 சதவீதம் குறைத்தேன்' என்று போடலாமா?

நான்கு கேள்விக்குப் பதில் இருந்தால் போடலாம். எந்தச் செலவில்? எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை? அதில் உங்கள் பங்கு என்ன, குழுவின் பங்கு என்ன? நீங்கள் இல்லாவிட்டாலும் குறைந்திருக்குமா? மூன்றாவதில்தான் பெரும்பாலோர் விழுகிறார்கள். 'எட்டுப் பேர் குழுவில் போக்குவரத்து ஒப்பந்தங்களை நான் பார்த்தேன்' என்று எழுதுவதால் மதிப்பு குறையாது. ஐ.ஐ.எம். போன்ற இடங்களில் வேலைவாய்ப்புக் குழுவே ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் கேட்கும்.

நேர்காணலில் கேள்விப்படாத ஒரு கோட்பாட்டின் பெயரைச் சொல்லி 'தெரியுமா' என்றால், 'கேள்விப்பட்டதில்லை, ஒரு வரியில் சொன்னால் யோசித்துப் பார்க்கிறேன்' என்று சொல்லுங்கள். அந்தப் பெயரே அவர் கட்டியதாக இருக்கலாம்.

பேரம் பேசும்போது பீலா தவறில்லை என்கிறார்களே?

வியாபாரம் போக்கர் ஆட்டம் மாதிரி, அங்கே பொய்முகம் காட்டுவது ஆட்ட விதி என்று 1968-இல் ஆல்பர்ட் கார் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூவில் எழுதியதிலிருந்து இந்த வாதம் ஓடுகிறது. போக்கர் மேசையில் உட்கார்ந்தவர் அத்தனை பேருக்கும் விதி தெரியும். வேலைக்கு வந்தவருக்கும் சரக்கு வாங்க வந்தவருக்கும் அப்படியொரு விதியை யாரும் வாசித்துக்காட்டவில்லை.

நடைமுறைக் கோடு இது. உங்கள் கடைசி விலையைச் சொல்லாமல் இருப்பது பேரம். 'இன்னொரு கம்பெனி 24 லட்சம் தருகிறது' என்று இல்லாததைச் சொல்வது வேறு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், மற்றவரை ஒப்பந்தத்துக்கு இழுக்கப் பொய் என்று தெரிந்தே ஒன்றை உண்மைபோலச் சொல்வதை 17-ஆம் பிரிவில் மோசடி என்கிறது. பேசாமல் இருப்பது பொதுவாக மோசடி ஆகாது. 19-ஆம் பிரிவின்படி ஏமாந்தவர் ஒப்பந்தத்தை ரத்து செய்துகொள்ளலாம். சட்டம்வரை போகாமலே காரியம் கெடும்: 'அந்த ஆஃபர் லெட்டரை அனுப்புங்கள்' என்று மனிதவளத்துறை ஒரு மின்னஞ்சல் போட்டால் முடிந்தது.

ஏ.ஐ. எழுதித் தந்ததை வகுப்பில் சொன்னால்?

அதுவும் தெரியாததை உறுதியான குரலில் சொல்லக்கூடியது. கேஸில் இல்லாத எண் அதில் வந்திருக்கலாம். எண்கள் ஒவ்வொன்றையும் எக்ஸிபிட்டில் விரல் வைத்துப் பார்க்க முடிந்தால் சொல்லுங்கள்.

ஆசிரியர்கள் எதை மாற்றலாம்?

எத்தனை முறை பேசினார் என்று எண்ணுவதை நிறுத்துங்கள். வகுப்புக்கு ஒரு மணிநேரம் முன்பு ஒவ்வொருவரும் தன் முடிவு, ஒரு எண், தன் நிச்சயம் எத்தனை சதவீதம் என்று மூன்று வரி அனுப்பட்டும். பேசாத 57 பேரும் அதில் இருப்பார்கள். செமஸ்டர் முழுக்கச் சேர்த்தால், 90 சதவீத நிச்சயம் என்றவர் எத்தனை முறை சரி என்று அவரவருக்கே காட்டலாம். 'தெரியாது' என்று சொன்ன மாணவருக்கு முதல் வாரத்தில் நீங்கள் காட்டும் முகத்தைத்தான் மற்றவர்கள் வருடம் முழுக்க நினைவில் வைத்திருப்பார்கள்.

சுயசோதனையின் விடைகள் என்ன?

1) 1869. 2) 1875. 3) சுமார் 7.21 கோடி. 4) சுமார் 3,475. 5) 1886. 6) சுமார் 65,610. 7) 1914. 8) 193. 9) 330. 10) சுமார் 82.

இடைவெளிக்குள் அகப்பட்டவற்றை எண்ணுங்கள். எட்டோ ஒன்பதோ என்றால் உங்கள் நிச்சயம் ஒழுங்காக இருக்கிறது. பத்தும் அகப்பட்டிருந்தால் அகலத்தைப் பாருங்கள். நிலாவுக்கு 10 முதல் 10 லட்சம் என்று எழுதியிருந்தால் அந்த விடை கணக்கில் வராது. ஐந்துக்குக் கீழே என்றால், அடுத்த பத்துக் கேள்விகளுக்கு முதலில் தோன்றும் இடைவெளியை இரண்டு பங்காக்கி எழுதிப் பாருங்கள்.